செக்ரோலில் இருந்த பெயர்கள்: ஜப்பானியர் ஆட்சியில் நெகிரி செம்பிலான் தோட்டங்கள்

மலாயாவை ஜப்பானியர் மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆண்டார்கள். சீனரை அவர்கள் பகைவராகவே நடத்தினார்கள். 1937 முதல் சீனாவில் நடந்துவந்த போரின் வன்மம் இங்கும் தொடர்ந்தது. இந்தியரையோ நண்பர் என்றார்கள். பிரிட்டிஷ் பேரரசை உடைக்க இந்தியர் துணை வேண்டும் என்பது தோக்கியோவின் கணக்கு. இந்த நட்பின் விளைவை இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. 1931-இல் சிங்கப்பூரையும் சேர்த்து மலாயாவில் இருந்த இந்தியர் ஏறத்தாழ 620,000 பேர். 1947-இல் அந்தத் தொகை ஏறத்தாழ 600,000. இதே காலத்தில் மலாய்க்காரரும் சீனரும் பல லட்சம் பெருகியிருக்கிறார்கள். பொருளாதார மந்தத்தில் ஊர் திரும்பியவர்களும், 1938-இல் இந்திய அரசு விதித்த குடியேற்றத் தடையும் இந்தக் குறைவில் ஒரு பங்கு. மற்றொரு பெரும்பங்கு போர்க்காலத்தினுடையது.

நண்பர் என்று அழைக்கப்பட்டவர்கள் இவ்வளவு பேர் மாண்டது எப்படி? ஜப்பானியரின் கொடுமை என்ற பதில் உண்மையானது, ஆனால் போதாது. மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களின் கதையைப் பின்தொடர்ந்தால் இன்னொரு காரணம் தெரிகிறது. வீடு, வேலை, அரிசி, மருந்து ஆகிய நான்கையும் ஒரே நிர்வாகத்தின் கையில் வைத்து, தொழிலாளியின் பெயரை ஒரு பேரேட்டில் எழுதி வைத்திருந்த தோட்ட அமைப்பே அவர்களை எளிதாகப் பிடிபடக்கூடியவர்களாக ஆக்கியது. அதைக் கட்டியவர்கள் பிரிட்டிஷ் கம்பெனிகள். ஜப்பானியர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

துரை இல்லாத தோட்டம்

போருக்கு முன் நெகிரி செம்பிலானின் தமிழர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களில் இருந்தார்கள். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் வரை போகும் கிளை ரயில்பாதையை ஒட்டி ஒரு வரிசைத் தோட்டங்கள். ரந்தாவ், சிலியாவ், லிங்கிப் பக்கமெல்லாம் பால்மரம்தான். வடக்கே லாபு, நீலாய். கிழக்கே காட்டை ஒட்டி பகாவ், ரொம்பின், கெமெஞ்சே, கெமாஸ். எங்கே போனாலும் அமைப்பு ஒன்றே. மேட்டில் வெள்ளைக்கார மேலாளரான துரையின் பங்களா. கீழே ஆபீசும் எழுத்தர்களான கிராணிகளின் வீடுகளும். அதற்கும் கீழே தொழிலாளர் குடியிருப்பான லயங்கள், கோயில், கள்ளுக்கடை. விடியுமுன் பிரட்டுக்குக் கூடவேண்டும். அங்கே பெயர் கூப்பிட்டு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். கிராணியின் செக்ரோல் என்ற பேரேட்டில் பெயர் விழுந்தால்தான் அன்றைய கூலி. 1941-இல் ஆண்களுக்கு அது ஏறத்தாழ 50 காசு. அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தில், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் ஒரு கோரிக்கை. பட்டாளத்தைக் கொண்டு அதை அடக்கினார்கள். தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

சில மாதங்களில் அந்த அதிகாரமே ஓடிப்போனது. 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூரைப் பிடித்தது. ஜனவரி 14 அன்று கெமாஸுக்கு மேற்கே கெமெஞ்சே ஆற்றுப் பாலத்தில், சைக்கிள்களில் வந்த ஜப்பானியரை ஆஸ்திரேலியர்கள் பதுங்கியிருந்து தாக்கினார்கள். பாலத்தைத் தகர்த்துப் பலரைக் கொன்றார்கள். அந்த வெற்றி படையெடுப்பை ஓரிரு நாள் தாமதப்படுத்தியதோடு சரி. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. துரைமார் சிலர் தொண்டர் படையில் சேர்ந்து கைதியானார்கள், மற்றவர்கள் தெற்கே தப்பினார்கள் அல்லது சிறைமுகாமில் அடைக்கப்பட்டார்கள்.

லயத்து மக்களை யாரும் எங்கும் அழைத்துப் போகவில்லை. பங்களாக்களும் ஸ்டோர்களும் சூறையாடப்பட்டன. கூலி நின்றது. ஊருக்குப் பணம் அனுப்பும் வழியும் கடிதப் போக்குவரத்தும் அறுந்தன. பெரிய கிராணியும், தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியும் தண்டலும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், இப்போது மேலே துரை இல்லாமல். ஜப்பானியர் ரப்பர்த் தோட்டங்களைச் சியோனான் கோமு குமியாய் என்ற அமைப்பின் கீழ்க் கொண்டுவந்தபோது, அன்றாட நிர்வாகம் பெரும்பாலும் இவர்கள் கையில்தான் விடப்பட்டது.

அதே மாநிலத்தில் சீனருக்கு நேர்ந்ததை இதனோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். 1942 மார்ச்சில் கோலா பிலா அருகே பாரிட் திங்கியிலும், ஜெலுபுவில் தீத்திக்கு அருகிலுள்ள ஒரு குடியிருப்பிலும் ஜப்பானியப் படை நுழைந்து கிராமத்தோடு மக்களைக் கொன்றது. பாரிட் திங்கியில் இறந்தவர்கள் 600-க்கு மேல். தீத்திப் பக்கம் ஆயிரத்துக்கும் மேல். தோட்டத் தமிழர்களுக்கு அப்படிப்பட்ட படுகொலை நேரவில்லை. ஆனால் பக்கத்து ஊரில் நடந்தது தெரிந்தவர்களுக்கு, ஜப்பானியன் ஆள் கேட்டால் மறுப்பதன் பொருளும் தெரிந்திருந்தது.

அரிசி போய்க் கிழங்கு வந்தது

மலாயா ரப்பரை விற்று அரிசி வாங்கிய நாடு. தேவையான அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் (இன்றைய தாய்லாந்து) இந்தோசீனாவிலிருந்தும் வந்தது. போர் இரண்டு வாயிலையும் அடைத்தது. ரப்பரை அதிகம் வாங்கிய அமெரிக்கா எதிரி நாடாகிவிட்டது. மலாயாவும் டச்சு இந்தியாவும் சேர்ந்து தந்த ரப்பரில் சிறு பகுதிதான் ஜப்பானுக்குத் தேவைப்பட்டது. கப்பல்கள் படைக்கே போதாததால் அரிசி வருவதும் குறைந்தது. பால் வெட்டு பல தோட்டங்களில் நின்றது அல்லது மாதத்தில் சில நாளாகச் சுருங்கியது.

உணவை நீங்களே விளைவித்துக்கொள்ளுங்கள் என்றது புதிய அரசு. பால்மரங்களை வெட்டிய இடத்தில் மரவள்ளியும் சக்கரவள்ளியும் கேழ்வரகும் நட்டார்கள். இலை, குருத்து எதையும் விடவில்லை. வயிறு நிறைந்தாலும் மரவள்ளியில் உடம்புக்கு வேண்டிய சத்து இல்லை. பெரிபெரியால் கால் வீங்கியது. சிறு கீறலும் ஆறாத புண்ணானது. துணி கிடைக்காமல் கோணிச்சாக்கையும் ரப்பர்த் தகட்டையும் இடுப்பில் சுற்றியவர்களின் நினைவு, அந்தத் தலைமுறையிடம் பேசிய ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டு மூட்டை மூட்டையாக அடிக்கப்பட்டு மதிப்பிழந்தது. போர் முடியும் தறுவாயில் கள்ளச்சந்தை அரிசி விலை பல நூறு மடங்கு ஏறியிருந்தது. கடிகாரங்களும் தோக்கியோ நேரத்துக்கு மாறி ஒன்றரை மணி முன்னே போயின.

பசியோடு சேர்ந்து கொன்றது மலேரியா. நெகிரி செம்பிலானின் மேட்டுத் தோட்டங்களில் நோயைப் பரப்பும் கொசு, தெளிந்த ஓடைநீரில் முட்டையிடும் இனம். நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஓடைகளைக் குழாய்க்குள் இறக்கியும், வாய்க்கால்களில் வாரந்தோறும் எண்ணெய் தெளித்தும்தான் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். அந்த வேலை நின்ற சில மாதங்களிலேயே நோய் பழைய நிலைக்குத் திரும்பியது. குவைனா மாத்திரையின் மூலப்பொருள் ஜாவாவில் விளைந்தது, ஜாவா ஜப்பானியர் கையில் இருந்தது. இருந்தும் தோட்ட ஆஸ்பத்திரிகளுக்கு வந்துசேர்ந்தது மிகக் கொஞ்சம்.

பகாவில் நடந்த ஒரு சோதனை இந்த மண் எப்படிப்பட்டது என்பதைத் தெளிவாகக் காட்டும். சிங்கப்பூரில் உணவு நெருக்கடியைக் குறைக்க, 1943 டிசம்பர் முதல் அங்குள்ள கத்தோலிக்கர்களையும் யுரேசியர்களையும் பகாவுக்கு அருகே காடு அழித்துக் குடியேற்றினார்கள். பிஷப் அட்ரியன் டெவால்ஸ் அவர்களோடு வந்தார். நகரத்துக் குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் சங்குல் என்ற மண்வெட்டி பிடித்து மண் கொத்தினார்கள். மலேரியாவிலும் பட்டினியிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். பிஷப்பும் காலில் பட்ட வெட்டுக்காயம் முற்றி 1945 ஜனவரியில் மாண்டார். அந்தக் குடியேற்றத்தைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன, ஏனென்றால் அங்கே எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். சில மைல் தள்ளி, அதே காய்ச்சலில் கிடந்த பகாவ் தோட்ட லயங்களைப் பற்றி அப்படி எழுதப்பட்டது குறைவு.

சயாமுக்கு ஆள்

1942 நடுவில், பர்மாவிலிருந்த படைக்குத் தரைவழியாகச் சாமான் அனுப்ப, சயாமின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஜப்பானியர் முடிவெடுத்தார்கள். முதலில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் போதவில்லை. 1943 தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களின் பக்கம் பார்வை திரும்பியது.

ஆள்பிடிப்பு படிப்படியாக இறுகியது. முதலில் ஆசை காட்டினார்கள்: மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம், குடும்பத்துக்கு முன்பணம். பால் வெட்டு இல்லாமல் கிடந்தவர்கள் சிலர் தாமாகவே போனார்கள். மூன்று மாதம் கழிந்தும் யாரும் திரும்பாதபோது, யாரும் போக முன்வரவில்லை. அதன்பின் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று தொகை விதித்தார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டிக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றியதும், கள்ளுக்கடையிலும் சடக்கோரத்திலும் அகப்பட்டவர்களைப் பிடித்துப் போனதும் மலாயா முழுவதும் பல ஊர்களில் சொல்லப்படும் செய்திகள்.

தொகை விதிக்கப்பட்டதும் அமைப்பின் வேலை தொடங்கியது. எந்த லயத்தில் எத்தனை ஆண்கள், யார் திடமானவன், யாருக்குக் குடும்பம் இல்லை என்பதெல்லாம் ஜப்பானிய அதிகாரிக்குத் தெரியாது. கிராணிக்குத் தெரியும், கங்காணிக்குத் தெரியும். அரை நூற்றாண்டுக்கு முன் தஞ்சை, திருச்சி, சேலம் கிராமங்களில் ஆள் சேர்த்துக் கப்பலேற்றிய கங்காணிமுறையின் அதே இழை இப்போது திருப்பிவிடப்பட்டது. வாய்மொழி நினைவுகளில் இருவகைக் கிராணிகளும் வருகிறார்கள். பிடிக்காதவனின் பெயரைக் கொடுத்தவரும் உண்டு, முன்னிரவில் ஆளனுப்பிக் காட்டுக்குள் ஓடச் சொன்னவரும் உண்டு. தனிமனிதர் நல்லவரா கெட்டவரா என்பதைத் தாண்டி, அப்படித் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் ஒருவர் கையில் இருந்தது என்பதே இங்கு முக்கியம்.

ஏற்றப்பட்டவர்கள் சாமான் வண்டிகளில் பான் போங் வரை போய், அங்கிருந்து காட்டுவழியே நடந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். 1943 மழைக்காலத்தில் வேலையை விரைந்து முடிக்கச் சொல்லி நெருக்கியபோது காலராவும் வந்தது. நிக்கே பக்கத்து முகாம்களில் ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். போர்க்கைதிகளுக்கும் அதே காலரா வந்தது. ஆனால் அவர்களுக்குச் சொந்த அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். குடிநீரைக் காய்ச்சவும், மலக்குழி வெட்டவும், இறந்தவரின் பெயரைக் குறித்து வைக்கவும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. தொழிலாளர் முகாம்களில் இவை ஒன்றும் இல்லை. தோட்டத்தில் துரையும் கிராணியும் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரும் செய்த காரியங்களை, அவர்கள் இல்லாத இடத்தில் எடுத்துச் செய்ய மக்களை யாரும் பழக்கியிருக்கவில்லை. மலாயாத் தோட்டங்களில் மருத்துவராக இருந்து கைதியான ராபர்ட் ஹார்டி இரகசியமாக எழுதிய நாட்குறிப்பில் இந்தத் தமிழர்களின் நிலையைப் பதிந்திருக்கிறார். 1943 நடுவில் கைதிகளிலிருந்து பிரித்து எடுத்த இரண்டு மருத்துவக் குழுக்களைத் தொழிலாளர் முகாம்களுக்கு ஜப்பானியர் அனுப்பினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

போருக்குப் பின் தொகுத்த கணக்கின்படி மலாயாவிலிருந்து போனவர்கள் ஏறத்தாழ 78,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். இறந்ததாகப் பதிவானவர்கள் 30,000-ஐ ஒட்டியவர்கள். தப்பியோடியதாக எழுதப்பட்டவர்கள் இன்னும் 25,000 பேரளவில். மொழி தெரியாத காட்டில் காய்ச்சலோடு ஓடியவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று யோசித்தால், முதல் எண்ணை அப்படியே ஏற்க முடியாது.

1943 அக்டோபர்

தண்டவாளத்தின் இரு முனைகளும் 1943 அக்டோபர் 17 அன்று கொங்கொய்த்தாவில் இணைந்தன. அதே மாதத் தொடக்கத்தில், ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் வேறொரு ஆள்பிடிப்பு பெரும்பாலும் தோற்றுப்போனது. அங்கே 1940 ஏப்ரல் 9-இல் வந்த ஆக்கிரமிப்பு, மூன்றாண்டுக்கு மேல் உள்ளூர் அரசையும் நீதிமன்றத்தையும் இயங்க விட்டிருந்தது. 1943 ஆகஸ்ட் இறுதியில் அந்த ஏற்பாடு முறிந்தது. செப்டம்பரில் ஜெர்மானியர் யூத சமூக அலுவலகத்தில் புகுந்து ஆவணங்களை எடுத்துப் போனார்கள். ஜெர்மானியத் தூதரகத்தைச் சேர்ந்த டுக்விட்ஸ் என்பவர் யூதர்கள் கைதாகப் போவதை டேனிய அரசியல்வாதிகளிடம் முன்கூட்டியே சொன்னார். செய்தி ஓரிரு நாளில் பரவியது. அக்டோபர் முதல் நாள் இரவு ஜெர்மானியப் போலீஸ் கதவைத் தட்டியபோது பெரும்பாலான வீடுகள் காலி. மருத்துவமனைகள் ஒளித்து வைத்தன, மீனவர்கள் படகில் ஏற்றினார்கள். 7,000-க்கு மேற்பட்டோர் சுவீடன் சேர்ந்தார்கள். பிடிபட்டவர்கள் 500-க்கும் குறைவு.

இரண்டையும் தராசில் நிறுக்க முடியாது. ஒன்று இன அழிப்பு, மற்றது அடிமை உழைப்பு. மீனவர்கள் கூலியும் வாங்கினார்கள், நடுநிலை நாடு ஒன்று கடலுக்கு அப்பால் சில மைலில் இருந்தது. ஆயினும் ஒரு பாடம் உண்டு. கோப்பன்ஹேகனில் பிடிக்கப்படவேண்டியவர்களின் விவரம் எதிரி கையில் போனபோதும், அவர்கள் அதற்கு வெளியேயும் வாழ்ந்தார்கள். பக்கத்து வீட்டார், தேவாலயம், தொழிற்சங்கம், ஆஸ்பத்திரி என்று பல கிளைகளில் அவர்களுக்கு உறவு இருந்தது. லாபு தோட்டத்துத் தொழிலாளிக்கு அப்படி வெளியே ஒன்றுமில்லை. அவனுக்குக் கடன் கொடுக்கும் கடை, அவன் பிள்ளை படிக்கும் பள்ளி, அவன் கும்பிடும் சாமி எல்லாமே தோட்டத்து எல்லைக்குள். பக்கத்து மலாய்க் கம்பத்தோடும் சீனக் கடைத்தெருவோடும் அவனுக்கு இருந்த பழக்கம் மிக மெல்லியது. எச்சரிக்கவும் ஒளித்துவைக்கவும் ஒரு சமூகம் சுற்றிலும் இல்லாதபடி அவனை வைத்திருந்ததுதான் தோட்டம்.

லீக்கின் கொடி

அந்த அக்டோபரில் மூன்றாவது நிகழ்வும் உண்டு. ஜூலையில் சிங்கப்பூர் வந்து இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்ற சுபாஷ் சந்திர போஸ், அக்டோபர் 21-இல் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். மறுநாள் பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. மலாயாவின் ஊர்தோறும் லீக் கிளைகள் எழுந்தன. இந்திய தேசிய ராணுவத்தில் தோட்டத்து இளைஞர்கள் பல்லாயிரக்கணக்கில் சேர்ந்தார்கள், பெண்களும் சேர்ந்தார்கள்.

ஏன் சேர்ந்தார்கள் என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. நாட்டுப்பற்று பொய்யல்ல. சீருடையும் சாப்பாடும் மரியாதையும் ஈர்த்தன. அந்தப் படையில் சேர்ந்தவனைச் சயாமுக்குப் பிடிக்கமாட்டார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. லீக் கிளைகள் ஏழைகளுக்கு உணவும் மருந்தும் கொடுத்தன. சயாமுக்கு ஆள்பிடிப்பதை அவற்றால் நிறுத்த முடியவில்லை. போரில் ஜப்பானின் தயவை நம்பியிருந்த தலைமைக்கு அந்தப் பேச்சு சங்கடமானது. ஆயினும் லீக் செய்த ஒரு காரியம் நிலைத்தது. கிராணியும் பால் வெட்டுபவனும், உயர்சாதியும் தாழ்த்தப்பட்டவனும் ஒரே வரிசையில் நின்று ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். பெயர் கூப்பிட்டால் கைகட்டி நின்றவன் துப்பாக்கி ஏந்தி நிமிர்ந்து நிற்கப் பழகினான்.

கணக்கும் ஈடும்

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தபோது ஜப்பான் நோட்டு வெறும் காகிதமாயிற்று. சயாமில் மிஞ்சியவர்கள் முகாம்களில் காத்திருந்து, பெரும்பாலும் 1946-க்குள் திரும்பினார்கள். வந்தவர்களுக்கு லயம் இருந்தது, சில வீடுகளில் ஆள் இல்லை. விதவைகளும் அனாதைகளும் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தார்கள்.

போர்க்கைதிகளின் கல்லறைகளை அந்த ரயில்பாதையோரத்துக் காஞ்சனபுரியில் இன்றும் பெயரோடு காணலாம். ஒரு மயானத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 கற்கள். தொழிலாளர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. 1990-இல் அதே ஊரில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் கிடைத்தன. 1967-இல் ஜப்பான் மலேசியாவுடன் செய்த ஒப்பந்தப்படி 25 மில்லியன் வெள்ளி பெறுமானமுள்ள இழப்பீடு கப்பல்களாக வந்தது; அது நாட்டுக்குக் கொடுத்தது, சயாம் குடும்பங்களுக்கு அல்ல. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ போன்ற மலேசியத் தமிழ் நாவல்களே நீண்ட காலம் இதன் ஆவணமாக இருந்தன.

தோட்டத்துக்குள் அதிகாரம் பழையபடி திரும்பவில்லை. கெடாவில் தொழிலாளர்களின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்தது. நெகிரி செம்பிலானில் இந்தியத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதில் செயலாளராக இருந்த பி.பி. நாராயணன், மாநிலச் சங்கங்களை இணைத்து 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது அதன் தலைவர்களில் முதன்மையானவர் ஆனார். கூலி பேசித் தீர்க்கப்பட்டது. ஒப்பந்தம் எழுதப்பட்டது.

ஆனால் வீடு தோட்டத்தின் வீடாகவே இருந்தது. ஐம்பதுகளின் இறுதியில் பிரிட்டிஷ் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, வேலை போன அன்றே கூரையும் போனது. தொண்ணூறுகளில் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் இடையே தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது இன்னொரு முறை அதே கதை. ஜப்பானியர் காலத்தை ஒரு வெளிநாட்டுப் படையின் கொடுமையாக மட்டும் எழுதி மூடிவிட்டால், இந்தத் தொடர்ச்சி கண்ணில் படாது. 1943-இல் ஒரு மனிதனைச் சயாமுக்கு ஏற்ற முடிந்ததற்கும், அரை நூற்றாண்டு கழித்து அவன் பேரனை ஒரு நோட்டீஸில் வெளியேற்ற முடிந்ததற்கும் அடிப்படை ஒன்றே: அவன் பிழைப்புக்கு வேண்டிய எதுவும் அவன் பெயரில் இல்லை.